தும்பிக்கை இழந்த ‘லை’

தாம்பரம் கடைவீதியில் மங்கிய பழைய பெயர்ப்பலகை கண்ணில் பட்டால், ‘சென்னை’ என்ற சொல்லை உற்றுப் பாருங்கள். ‘னை’க்கு முன்னே தனிக் கொம்பு இராது, எழுத்தோடு ஒட்டித் தும்பிக்கை போன்ற வளைவு இருக்கும்.

பெரியார் 1935இல் ‘குடி அரசு’ இதழில் கையாண்ட எழுத்துச் சீர்திருத்தத்தின் பெரும்பகுதியைத் தமிழக அரசு 1978இல் ஏற்றது. ணை, லை, ளை, னை ஆகிய நான்கும், ணா, றா, னா முதலிய ஒன்பதும் பொது விதிக்குள் வந்தன. குழந்தைகளுக்குக் கற்பது எளிதாயிற்று. அச்சுக்கோப்பவருக்கும் வேலை குறைந்தது. அறிவுக்கு உகந்த மாற்றம்தான்.

ஆயினும் ஒரு குறை. பழைய வடிவங்களை எழுதுவதை விட்டோம். வாசிக்கும் பழக்கத்தையும் கூடவே விட்டுவிட்டோம். 1970களில் அச்சான தமிழ் இயற்பியல் நூலொன்றை என் மாணவரிடம் கொடுத்தேன். ‘அலைநீளம்’ என்ற சொல்லிலேயே நின்றுவிட்டார்! அலையை அறிந்தவர், அதன் எழுத்தை அறியவில்லை. பாட்டனார் எழுதிய கடிதமும் அவருக்கு இப்படித்தானே தோன்றும்?

இன்று கணினியின் ஒருங்குறியில் இரண்டு ‘லை’க்கும் குறியீடு ஒன்றே, உருவத்தை எழுத்துருவே தீர்மானிக்கிறது. ஆகவே பழைய வடிவத்தைக் காட்டுவது கடினமன்று. பள்ளிப் பாடநூலில் ஒரு பக்கம் ஒதுக்கினால் போதும். அதுவரை, வீட்டிலுள்ள பழைய நூலொன்றை எடுத்து உங்கள் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள்.