வரைபடத் தீவும் மனிதர் தீவும்: ஸ்ரீவன்சனின் பயணமும் புனைகதையும்

பயணம் செய்யும் எழுத்தாளன் தான் கண்ட நாடுகளின் காட்சிகளைத் தன் கதைகளுக்குட் கொண்டுவந்து சேர்க்கிறான் என்பது பொதுவாக நிலவும் கருத்து. இது முற்றிலும் தவறானதன்று, எனினும் போதாதது. பயணம் காட்சிகளை வழங்குவதோடு அமைந்துவிடுமாயின், அதனைச் செய்தவன் நல்லதொரு வழிகாட்டி நூலை எழுதலாமேயன்றி, நல்லதொரு நாவலை எழுதிவிட முடியாது. பயணம் அவனது பார்வையை மாற்றியதா என்பதே திறனாய்வாளன் எழுப்ப வேண்டிய வினா. இவ்வினாவுக்கு விடைகாண, இளையோர் நாவல்களாற் புகழ்பெற்ற றொபேட் லூயி ஸ்ரீவன்சனின் ஆக்கங்கள் பெரிதுந் துணைபுரிவன.

1850இல் எடின்பறோ நகரில், வெளிச்சவீடுகள் அமைக்கும் பொறியியலாளர் குடும்பத்திற் பிறந்தவர் ஸ்ரீவன்சன். இளமை தொட்டே நெஞ்சுநோயால் வருந்திய அவர், உடல்நலம் நாடியும் மனவேட்கையாலும் ஊர் ஊராகச் சென்றார். 1878இல் தெற்குப் பிரான்சின் மலைப்பகுதியை ஒரு கழுதையுடன் நடந்து கடந்தார். 1879இல் அத்திலாந்திக்கைக் கடந்து, குடிபெயர்வோர் புகையிரதத்தில் ஏழைகளோடு ஏழையாகக் கலிபோர்ணியாவை அடைந்தார்.

ஆனால் அவருக்குப் பெரும்புகழ் தேடித்தந்த 'புதையல் தீவு' வெப்பவலயத் தீவு எதனையும் காணாத காலத்தில் எழுதப்பட்டதாகும். 1881ஆம் ஆண்டின் மழை மிகுந்த கோடையில், ஸ்கொத்லாந்தின் பிறேமர் என்னுமிடத்தில் தங்கியிருந்தபோது, மனைவியின் மகனோடு பொழுதுபோக்காக ஒரு தீவின் படத்தை வரைந்து வண்ணந் தீட்டினார். அப்படத்திலிருந்தே கதை பிறந்தது. சிறுவர் இதழொன்றில் தொடராக வந்து, 1883இல் நூலுருப் பெற்றது. வரைபடம் முந்தியது, கதை பிந்தியது என்னும் இச்செய்தி வெறும் துணுக்கன்று; நாவலின் இயல்பையே அது விளக்குகிறது. அத்தீவிற் குன்றும் சதுப்பும் காட்டரணும் உண்டு. ஆனால் அதனைத் தம் ஊரென்று சொல்லிக்கொள்ள ஒரு குடிமகனும் இல்லை. வருபவர் அனைவரும் கப்பலில் வருபவர். தேடுவதும் எடுப்பதும் செல்வதுமே அவர்தம் தொழில். சில்வர் என்னும் ஒற்றைக்கால் மனிதனின் படைப்பு இந்நாவலை வெறும் சாகசக்கதை நிலையிலிருந்து உயர்த்துகிறது என்பது உண்மையே. ஆயினும் தீவு தீவாக அன்றி, ஒரு பெட்டகமாகவே அங்கு நிற்கிறது. சிறுவயதில் இதனைப் படித்த நாம், தீவிலே பிறந்தவர்களாக இருந்தும், ஜிம்முடன் கப்பலேறினோமேயன்றி, இத்தீவின் மக்கள் எங்கே என்று கேட்டோமல்லோம்.

1886இல் வெளிவந்த 'கடத்தப்பட்டவன்' ஒரு திருப்பத்தைக் காட்டுகிறது. கப்பல் உடைந்து எறெயிட் என்னும் திடலில் ஒதுங்கும் டேவிட் பல்போர், நாற்புறமும் கடல் சூழ்ந்ததென எண்ணிப் பட்டினியால் வாடுகிறான். படகிற் செல்லும் மீனவர் அவனைப் பார்த்து நகைக்கின்றனர். வற்றுக் காலத்தில் அத்திடலிலிருந்து நடந்தே கரையேறலாம் என்பது அவர்களுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. தம் குடும்பத்தார் வெளிச்சவீடொன்றை அமைத்துக்கொண்டிருந்தபோது, 1870இல் ஸ்ரீவன்சன் தங்கிய இடம் அது. கால்பட அறிந்த நிலம் கதைக்குள் வந்தபோது, அந்நிலத்தை அறிந்த மனிதரும் உடன்வந்தனர்; வந்தேறிய கதாநாயகன் நகைப்புக்குரியவனானான்.

இம்மாற்றத்தின் முழுமையைப் பசிபிக் பயணத்தின் பின்னரே காண்கிறோம். 1888இல் சன்பிரான்சிஸ்கோவிலிருந்து புறப்பட்ட அவர், தீவு தீவாகச் சென்று, 1890இல் சமோவாவில் நிலம் வாங்கிக் குடியமர்ந்தார். ஜெர்மனியும் பிரித்தானியாவும் அமெரிக்காவும் அந்நாட்டைப் பங்குபோட முனைந்ததை 1892இல் தனிநூலாகவே எழுதிக் கண்டித்தார். அதே ஆண்டில் வெளிவந்த 'பலேசாக் கடற்கரை' என்னும் நெடுங்கதையிற் புதையல் இல்லை. கொப்பறா வாணிபம் உண்டு. வெள்ளை வணிகனொருவனுக்கும் உமா என்னும் தீவுப்பெண்ணுக்கும் போலித் திருமணம் நடத்தப்பெறுகிறது. தன்னை ஏமாற்றும் அப்பத்திரத்தை வாசித்தறியாத உமா, அதனையே பெருஞ்செல்வமாகப் பேணுகிறாள். முன்னைய நாவலிற் கடதாசித் துண்டு பொன்னுக்கு வழிகாட்டியது. இங்கோ கடதாசித் துண்டே கொள்ளையடிக்கும் கருவியாகிறது. இலண்டன் வார இதழொன்று இக்கதையை வெளியிட்டபோது அப்பத்திரத்தின் வாசகத்தை நீக்கிவிட்டமை, ஆசிரியர் தொட்டது மெய்யான புண் என்பதற்குச் சான்றாகும்.

எனினும் மிகைபடப் புகழ்தல் திறனாய்வுக்கு அழகன்று. அக்கதையைச் சொல்பவன் வணிகனே. உமாவின் உள்ளம் அவனது கொச்சைமொழியின் வழியாகவே நமக்கு எட்டுகிறது. அவளது மொழியில் அவள் பேசியதை நாம் கேட்பதில்லை. தன் கலப்பினப் பெண்மக்களுக்கு வெள்ளைக் கணவரை எங்கே தேடுவது என்ற கவலையுடன் அவன் கதையை முடிக்கிறான். அவனது இனச்செருக்கை ஆசிரியர் அம்பலப்படுத்துகிறார். ஆனால் அதற்கப்பால் நின்று பேசும் குரலொன்றை அவரால் அமைக்க இயலவில்லை. அதே வேளை, அவரது 'போத்தல் பூதம்' 1891இல் சமோவ மொழியில் வெளிவந்து, அத்தீவு மக்களே அவரது வாசகராயினர் என்பதையும் மறத்தலாகாது. எவரைப் பற்றி எழுதுகிறோமோ அவரே வாசிப்பர் என்னும் அச்சம் எழுத்தாளனுக்கு நன்மை பயப்பது.

1894 டிசெம்பரில், 44ஆவது வயதில், சமோவாவிலேயே அவர் காலமானார். அவரது பெயரைச் சொன்னதும் உலகம் இன்றும் நினைப்பது வரைபடத் தீவையே; மனிதர் தீவை அறிந்தோர் சிலரே. இளையோர்க்கு முதல் நூலை மட்டும் கையளித்துப் பின்னதை மறைப்பது, பயணத்தின் தொடக்கத்தைக் காட்டி முடிவை மறைப்பதற்கு ஒப்பாகும். தீவு மக்களாகிய நாம் இரண்டையும் சேர்த்தே படித்தல் வேண்டும். முதலாவது, கடல் கடக்கும் ஆசையைத் தரும். இரண்டாவது, கரையில் நிற்பவர் யாரென்று கேட்கக் கற்பிக்கும்.