கோஸ்ட் வேர்ல்ட்: இந்த முறை ரெபெக்காவுக்காக

டீன் ஏஜ் நட்புப் படங்களுக்கு ஒரு ஃபார்முலா உண்டு. ரெண்டு தோழிகள், நடுவில் ஒரு பையன், ஒரு பெரிய சண்டை, கடைசியில் கட்டிப்பிடித்து அழுகை. டெர்ரி ஸ்விகாஃப் இயக்கிய 'கோஸ்ட் வேர்ல்ட்' (2001) அந்தப் பக்கமே போகாது. கிரைட்டீரியன் 2017-இல் வெளியிட்ட ப்ளூ-ரேயில் போன வாரம் மறுபடி பார்த்தேன்.

தொடக்கமே நமக்கு ஒரு சிரிப்பைக் கொடுக்கும். அமெரிக்கப் பெண் ஈனிட் (தோரா பிர்ச்) தன் ரூமில் தனியாக ஆடுகிறாள். டிவியில் ஓடுவது 1965-இல் வந்த 'கும்நாம்' இந்திப் படத்தில் முகமது ரஃபி பாடிய பாட்டு!

ஈனிட்டும் ரெபெக்காவும் (ஸ்கார்லெட் ஜொஹான்சன்) பள்ளியை முடித்தவர்கள். ஊரில் எல்லோரையும் கிண்டலடிப்பதுதான் பொழுதுபோக்கு. சேர்ந்து ஒரு வீடு வாடகைக்கு எடுப்பதுதான் கனவு. ரெபெக்கா காபி கடையில் வேலைக்குச் சேர்கிறாள், வீடு தேடுகிறாள். ஈனிட்டுக்கு தியேட்டர் ஸ்நாக்ஸ் கவுண்டரில் கிடைத்த வேலை உடனே போய்விடுகிறது. பிறகு அவள் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறாள். இந்த நட்பு உடைவது துரோகத்தால் இல்லை, வீட்டு வாடகையால். இவ்வளவு உண்மையாக இதைச் சொன்ன படங்கள் குறைவு.

ஆனால் எனக்கு ஒரு புகார் உண்டு. பழைய இசைத்தட்டு சேகரிக்கும் சீமோர் (ஸ்டீவ் புஷெமி) வந்ததும் படம் ரெபெக்காவை மறந்துவிடுகிறது. டேனியல் க்ளோவ்ஸின் மூல காமிக்ஸில் கதையின் மையம் இந்த ரெண்டு பெண்கள்தான். சீமோருக்கு இவ்வளவு இடம் கொடுத்தது படம். புஷெமி அபாரமாக நடித்திருக்கிறார், மறுக்கவில்லை. அதற்கான விலையைக் கொடுத்தது ரெபெக்கா. 'சாதாரண வாழ்க்கைக்குப் போய்விட்டவள்' என்று அவளை ஓரம் கட்டிவிடுகிறார்கள்.

புது வீட்டில் சுவரிலிருந்து மடக்கி இறக்கும் இஸ்திரிப் பலகையை ஆசையாகக் காட்டுவாள். முதல் தடவை பார்த்தபோது ஈனிட்டின் கண் வழியாகப் பார்த்துச் சிரித்தேன். இந்த முறை ரீவைண்ட் பண்ணி ரெபெக்காவின் முகத்தை மட்டும் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை.

காரணம் இருக்கிறது. கல்லூரி முடிந்ததும் நானும் ஒரு நண்பனும் சென்னையில் ரூம் எடுப்பதாகப் பேச்சு. அவன்தான் அலைந்தான், அட்வான்ஸ் பேசினான். நான் "அடுத்த மாசம்டா" என்றே ஓட்டினேன். ஒருநாள் ராத்திரி போன் பண்ணி, "பால் குக்கர் வாங்கிட்டேன்டா" என்றான். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவனும் கொஞ்சம் சிரித்தான். பிறகு வேறு யாரோடோ போய்விட்டான். "அவன் மாறிட்டான்" என்றுதான் இத்தனை வருஷமாக எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். அவன் மாறவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றினான், அவ்வளவுதான்.

கடைசியில் ஈனிட் ஏறிப் போகும் பஸ்ஸுக்கு என்ன அர்த்தம் என்று ரசிகர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். எனக்கு இப்போது வேறொரு கேள்வி. அடுத்த மாத வாடகையை ரெபெக்கா யாரோடு சேர்ந்து கட்டினாள்? படம் அதைச் சொல்லவே இல்லை.

பார்க்காதவர்கள் பாருங்கள். பார்த்தவர்கள் இன்னொரு தடவை அவளை மட்டும் பாருங்கள்.