மேடைப் பாட்டும் அன்னக்கிளியும்

1976-இல் 'அன்னக்கிளி' வந்தபோது, இளையராஜா நாட்டுப்புறப் பாட்டை அப்படியே சினிமாவுக்குக் கொண்டுவந்துட்டாருன்னு பேசினார்கள். நம் சக்குபள்ளத்து ஏலத்தோட்டங்களிலும் இன்றுவரை அதே பேச்சுதான். எனக்கு அது பாதி உண்மையாகவே படுகிறது.

அவர் பிறந்த பண்ணைப்புரம் நமக்கு அந்நிய ஊரல்ல. குமுளி மலை இறங்கினால் கம்பம் பள்ளத்தாக்கு. அண்ணன் பாவலர் வரதராஜன் 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸுக்காக மேடையேறிப் பாடியவர். வேலை முடிந்து அலுத்து வரும் தோட்டத் தொழிலாளிக்கு முதல் அடியே பிடிக்கணும், இல்லேன்னா எழுந்து போயிருவான். அண்ணனோடு ஊர் ஊராய்ப் போன தம்பிக்கு அந்த மேடைதான் பள்ளிக்கூடம். பிறகுதான் சென்னை, தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை, ஜி.கே.வெங்கடேஷிடம் உதவியாளர் வேலை.

'மச்சானைப் பாத்தீங்களா' பாட்டில் ஜானகியின் குரல் கிராமத்துடையது. இடையில் எழும் வாத்தியக் கூட்டம் ஸ்டுடியோவினுடையது. ஒட்டுப்போட்ட தையல் தெரியவில்லை. முதல் படத்திலேயே இது லேசுப்பட்ட காரியமில்லை.

ஆனால் பாவலரின் மேடையில் ஒலித்த கூலியும் உரிமையும் ஸ்டுடியோ வாசலிலேயே நின்றுவிட்டன. 'சுத்தச் சம்பா' நெல் குத்தும் பாட்டுதான். குத்துகிறவளுக்குக் கூலி யார் தருவார் என்ற கேள்வி அதில் இல்லை. கம்பத்திலிருந்து ஜீப்பில் காயெடுக்க ஏறிவரும் பெண்கள் அதைப் பாடிக்கொண்டே வருகிறார்கள். கூலிப் பேச்சை இடையிடையே அவர்களே சேர்த்துக்கொள்கிறார்கள்.