கடத்துக்கும் ஒரு டிக்கெட்

கர்நாடக இசைக்காரர் ஒருவர் வெளிநாட்டு ஜாஸ் விழாவில் வாசித்துவிட்டு வந்தார் என்றால் நம்மிடையே இரண்டு பேச்சு எழும். "நம்ம சங்கீதத்தை உலகத்துக்கே கொண்டுபோய்விட்டார்" என்று ஒரு சாரார் பூரிப்பார்கள். "ஃப்யூஷன் பண்ண ஆரம்பிச்சாச்சு, இனிமே இவர் கச்சேரியைக் கேட்ட மாதிரிதான்" என்று இன்னொரு சாரார் கைகழுவுவார்கள். போனவர் யாரோடு போனார் என்று மட்டும் இரண்டு சாராருமே கேட்பதில்லை. எனக்கு அந்தக் கேள்விதான் முக்கியமாகப் படுகிறது. கடந்த 50 ஆண்டுகளில் ஜாஸ் மேடையில் நம் இசை நிமிர்ந்து நின்ற இடங்களை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒருவர் தனியாகப் போயிருக்க மாட்டார், பக்கவாத்தியத்தோடு போயிருப்பார். லயக்காரர் உடன்போன இடத்தில் பேச்சு வார்த்தை நடந்திருக்கிறது. தனியாகப் போன இடத்தில் அவருடைய வாத்தியம் பெரும்பாலும் மேல்பூச்சாகவே முடிந்திருக்கிறது.

இதற்கான காரணம் ராகத்தைவிடத் தாளத்தில்தான் அதிகம் இருக்கிறது. ஜாஸ் கலைஞர்கள் காலம் காலமாக எடுத்து வாசிக்கும் பாட்டுகளில் பல 32 பார் (தாளத்தின் அளவுக்கூறு) கொண்டவை. ப்ளூஸ் என்றால் பொதுவாக 12 பார். பாட்டை ஒரு தடவை வாசித்து முடித்ததும் அதே 32 பாரும் மறுபடி சுழலும். அந்தச் சுழற்சியின்மேல்தான் ஒவ்வொருவரும் தம் கற்பனையை விரிக்கிறார்கள். கைத்தாளம் போட அங்கே ஆள் இல்லை. கோல் பிடித்து நடத்தவும் ஆள் இல்லை. ஆனாலும் எல்லோரும் உள்ளுக்குள் எண்ணிக்கொண்டே போய் ஒரே இடத்தில் வந்து இறங்குவார்கள். ஆவர்த்தனமும் சமமும் பழகிய காதுக்கு இதில் விளக்கம் தேவையே இல்லை. நடுவில் சாக்ஸபோன்காரர் நாலு பார் வாசிப்பார், டிரம்மர் நாலு பாரில் பதில் சொல்வார், மறுபடி இவர், மறுபடி அவர். நம் தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் வாசிக்கும் குறைப்புக்கு இது நெருங்கிய உறவு. நம்மவர்கள் இன்னும் ஒரு படி மேலே போகிறார்கள். இரண்டு ஆவர்த்தனமாகத் தொடங்கிய கேள்வி பதில் ஒன்றாகி, அரையாகி, காலாகிச் சுருங்கும். பிறகு இருவரும் சேர்ந்து மோரா, கோர்வை என்று கட்டி முடிப்பார்கள். ஆதி தாளத்தில் ஓர் ஆவர்த்தனத்துக்கு 32 மாத்திரை என்று வைத்துக்கொள்ளுங்கள். ததிங்கிணதொம் என்ற ஐந்தை மூன்று தடவை, நடுவில் இரண்டிரண்டு மாத்திரை கார்வை விட்டுச் சொன்னால் 19. பதின்மூன்று மாத்திரை போகவிட்டு எடுத்தால், முடிந்த மறு தட்டு சமம். உட்கார்ந்து கணக்குப் போட நேரமில்லாத மேடையில், எடுக்கும் இடத்தை உடனே கண்டுபிடிக்கிற கெட்டிக்காரத்தனம் இது. ஒரு ஜாஸ் டிரம்மர் இதைக் கேட்டால் அவருக்குச் சிலிர்க்கத்தானே செய்யும்.

சிலிர்த்ததற்குச் சான்றும் உண்டு. 1958இல் டேவ் புரூபெக் குழு அமெரிக்க அரசின் ஏற்பாட்டில் பல நாடுகளைச் சுற்றிக்கொண்டு சென்னைக்கு வந்தபோது, அந்தக் குழுவின் டிரம்மர் ஜோ மோரெல்லோவும் மிருதங்க வித்வான் பழனி சுப்பிரமணிய பிள்ளையும் சேர்ந்து வாசித்தார்கள். இடது கையால் வலந்தலையை ஆண்ட அந்த மேதையோடு மோரெல்லோ உட்கார்ந்ததற்கு மறு வருஷம்தான் ஐந்து அடிக் கணக்கில் அமைந்த 'டேக் ஃபைவ்' பதிவாயிற்று. அது சென்னையில் கற்றது என்று நான் சொல்ல வரவில்லை. அந்தப் பயணத்தில் கேட்ட துருக்கியின் தாளங்களுக்கே அதில் பங்கு அதிகம் என்று தோன்றுகிறது. நான் கவனிப்பது வேறு. ஜாஸ்காரர்கள் இங்கே வந்தபோது இயல்பாகப் போய் உட்கார்ந்தது லயக்காரரின் பக்கத்தில்.

'சக்தி' குழுவை இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். 1975இல் நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் பதிவான அவர்களுடைய முதல் இசைத்தட்டில் கிடார் ஜான் மெக்லாலின், வயலின் எல். சங்கர், தபலா ஜாகிர் உசேன், கடம் விக்கு விநாயக்ராம், மிருதங்கம் ராமநாதபுரம் ராகவன். ஐந்து பேரில் மூன்று பேர் லயம். பியானோ கிடையாது, பேஸ் கிடார் கிடையாது, டிரம் செட் கிடையாது. நம் கச்சேரியில் கடம் உபபக்கவாத்தியம். பின்வரிசையில் உட்கார்ந்து, மிருதங்கம் விட்டுக்கொடுத்த பிறகு வாசிக்கிற வாத்தியம். இங்கே அது முன்வரிசைக்கு வந்துவிட்டது. வாய்ப்புறத்தை வயிற்றோடு அணைத்து அழுத்தியும் விட்டும் விநாயக்ராம் எழுப்பும் அந்தக் கும்காரம், பேஸ் வாத்தியம் இல்லாத குறையே தெரியாமல் நிரப்புகிறது. கடம் பிறக்கும் மானாமதுரை மண்ணுக்கு இவ்வளவு கனம் உண்டு என்பதை நம் சபாக்களின் ஒலிபெருக்கியில் நாம் எத்தனை தடவை கேட்டிருப்போம்? இரண்டாவது இசைத்தட்டில் கொன்னக்கோலிலேயே தொடங்கும் உருப்படி ஒன்று இருக்கிறது. வாயால் சொல்லும் சொற்கட்டு, வாத்தியத்துக்கு முந்தி வந்து நிற்கிறது.

மெக்லாலின் எந்தப் பக்கமாக நகர்ந்தார் என்பதையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றவர் அவர். கற்ற பிறகு தம் கிடாரையே மாற்றிச் செய்துகொண்டார். மெட்டுகளுக்கு இடையிலுள்ள மரம் பள்ளமாகக் குடையப்பட்டது. அப்போதுதான் விரல் மரத்தில் உரசாமல் தந்தியை அழுத்தி இழுக்கலாம், கமகம் வரும். குறுக்கே சுருதிக்கென்று ஏழு தந்திகள் கூடுதலாகக் கட்டப்பட்டன. ஜாஸ் உலகில் அப்போதே பெரும் பெயர் பெற்றிருந்த ஒருவர் தம் வாத்தியத்தைக் குடைந்துகொண்டது, எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் ஒரு முழுச் சம்பிரதாயமாக உட்கார்ந்திருந்ததால்தான் என்று நினைக்கிறேன். சங்கர் மட்டும் தனியாகப் போயிருந்தால் வயலின்தான் கிடாருக்கு வளைந்திருக்கும்.

சார்லி மரியானோவின் கதை இன்னும் அழகானது. நம் பக்கத்தில் அதிகம் பேசப்படாதது. பாஸ்டனில் பிறந்த சாக்ஸபோன் கலைஞர் அவர். 1960களில் வேலையாக மலேசியாவுக்குப் போனவருக்கு அங்கேதான் நாதஸ்வரம் காதில் விழுந்தது. மலேயாவின் ரப்பர் காடுகளுக்குக் கப்பலேறிப் போன தமிழ்க் கூலிக் குடும்பங்கள் தங்கள் கோயிலையும் மேளத்தையும் கூடவே கொண்டுபோயிருந்தன. அந்த மேளம் ஒரு அமெரிக்கரைப் பிடித்து இழுத்துத் தென்னிந்தியாவுக்கே வரவழைத்து, நாதஸ்வரம் கற்க வைத்தது. பின்னாளில் அவர் பெங்களூரின் கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்க்கஷன் குழுவோடு சேர்ந்தார். மிருதங்க வித்வான் டி.ஏ.எஸ். மணி 1964இல் தொடங்கிய லயப் பள்ளி அது. 1983இல் ஜெர்மனியின் ஈ.சி.எம். நிறுவனம் வெளியிட்ட 'ஜோதி'யில் ஜாஸ் தரப்பில் மரியானோ ஒருவர்தான். எதிரே ஆர்.ஏ. ரமாமணியின் குரலும், மிருதங்கமும், கடமும், கஞ்சிராவும், முகர்சிங்கும், கொன்னக்கோலும். அதாவது, இங்கே தனியாகப் போனவர் மேற்கத்தியர்! ரமாமணி ஸ்வரம் பாடி ஓரிடத்தில் நிறுத்த, மரியானோ அதே இடத்திலிருந்து எடுத்து, அவருக்கே உரிய அந்த நனைந்த குரலில் புல்லாங்குழலையும் சாக்ஸபோனையும் ஊதும்போது யாரும் யாருக்கும் விருந்தாளியாகத் தெரியவில்லை. இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. திருவனந்தபுரம் கோட்டைக்குள் இருக்கும் நவராத்திரி மண்டபம் நம் இசையின் மிகத் தூய மேடைகளில் ஒன்று. கைதட்டல் இல்லை, சுவாதித் திருநாள் கிருதி, அந்தந்த நாளுக்கு விதித்த ராகம் என்று வரிசை தப்பாத ஒழுங்கு. அங்கே ஒரு பெண், பாறசாலை பொன்னம்மாள், பாட முடிந்தது 2006இல்தான். ரமாமணி ஐரோப்பாவின் ஜாஸ் அரங்குகளில் தம் பாட்டாலும் தாம் அமைத்த உருப்படிகளாலும் ஒரு குழுவையே முன்னின்று நடத்தத் தொடங்கி அதற்குள் 20 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. நவராத்திரி மண்டபத்தின் அமைதியை நான் மதிக்கிறேன். ஆனால் சம்பிரதாயத்தைக் காப்பவர்கள் உள்ளே மட்டும்தான் இருந்தார்கள் என்று நம்ப மாட்டேன்.

கத்ரி கோபால்நாத் விஷயத்தில் திசை திரும்பி இருக்கிறது. ஜாஸின் வாத்தியமான சாக்ஸபோனையே எடுத்து, அதன் சாவிகளில் திருத்தம் செய்து, கமகம் பேச வைத்துக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தவர். அவருடைய இசைத்தட்டு ஒன்றை, பாஸ்டனில் ஜாஸ் படித்துக்கொண்டிருந்த ருத்ரேஷ் மகந்தப்பாவுக்கு அவருடைய அண்ணன் விளையாட்டாகக் கொடுத்தாராம். விளையாட்டு வினையாகி, 2008இல் இருவரும் சேர்ந்த 'கின்ஸ்மென்' வந்தது. அதில் கோபால்நாத்தோடு வயலினுக்கு ஏ. கன்னியாகுமரியும் மிருதங்கத்துக்குப் பூவாலூர் ஸ்ரீஜியும் உட்கார்ந்தார்கள். மகந்தப்பா தரப்பில் கிடார், பேஸ், டிரம்ஸ். இரண்டு முழுக் குழுக்கள் எதிரெதிரே. இரண்டு ஆல்டோ சாக்ஸபோன்கள் ஒரே பிடியை வாசிக்கும்போதும் எது யாருடையது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். ஒன்று சுரத்துக்குள் நுழையும் வழியே வேறு. வேற்றுமை இவ்வளவு துலக்கமாகக் கேட்கக் காரணம், கோபால்நாத்துக்குப் பின்னால் அவருடைய காதுக்குப் பழகிய வயலினும் மிருதங்கமும் இருந்ததுதான்.

கமகம் போய்விடுமே என்பார்கள். நியாயமான பயம். தோடியின் காந்தாரம் ஆடிக்கொண்டிருக்கும்போது பியானோ ஒரு நிலைத்த சுரத்தை அதன் கீழே வைத்தால் ராகம் அங்கேயே படுத்துவிடும். இதை மழுப்ப நான் தயாரில்லை. ஆனால் மேலே சொன்ன மூன்று முயற்சிகளிலும் பியானோ இல்லை என்பதைக் கவனியுங்கள். தெரிந்தே விட்டிருக்கிறார்கள். ஜாஸும் எப்போதும் ஸ்வரக்கட்டுகளை மாற்றிக்கொண்டே ஓடுகிற இசை அல்ல. 1959இல் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' வந்த காலம் தொட்டே, ஒரே ஸ்வர வரிசையில் நின்று நிதானமாக விரிக்கும் வழி அங்கே திறந்துவிட்டது. ஜான் கோல்ட்ரேன் 1961இல் 'இந்தியா' என்றே ஒரு உருப்படிக்குப் பெயர் வைத்தார். பியானோ இருந்தும் கெடாத இசையும் உண்டு: விஜய் ஐயரும் கிடார் பிரசன்னாவும் சேர்ந்த 'தீர்த்தா'. ஐயர் எங்கே வாசிக்காமல் இருக்க வேண்டும் என்று அறிந்தவர். எல்லாப் பியானோக்காரர்களிடமும் அதை எதிர்பார்க்க முடியாது.

கூட்டமாகப் போனால் மட்டும் போதுமா என்றும் கேட்கலாம். போதாது. 1960களின் நடுவில் லண்டனில், கல்கத்தாவில் பிறந்த ஜான் மேயரும் ஜமைக்காக்காரர் ஜோ ஹாரியட்டும் இந்தியக் கலைஞர் ஐவர், ஜாஸ் கலைஞர் ஐவர் என்று சமமாக உட்கார வைத்தார்கள். ஆனால் மேயர் எழுதிக் கொடுத்ததைத்தான் நம் தரப்பு பெரும்பாலும் வாசித்தது. கற்பனைக்கான இடம் ஜாஸ்காரர்களிடம் போய்விட்டது. நல்ல இசைதான், இன்றும் கேட்கலாம். ஆனால் தனி ஆவர்த்தனம் இல்லாத இடத்தில் லயக்காரர் எத்தனை பேர் இருந்து என்ன? இன்னொரு பக்கம், 1971இலிருந்து டொராண்டோவின் யார்க் பல்கலைக்கழகத்தில் கற்றுக்கொடுத்த மிருதங்க வித்வான் திருச்சி சங்கரன் ஒற்றை ஆளாகப் போனவர்தானே என்று மடக்கலாம். அவர் அங்கேயே தங்கிச் சீடர்களைத் தயாரித்து, தமக்கான கூட்டத்தை அங்கேயே உண்டாக்கிக்கொண்டார். ஒரு வாரப் பயணமாகப் போகிறவருக்கு அது வாய்க்காது.

வெள்ளைக்காரர்களுக்கு வேடிக்கை காட்டவா போகிறோம் என்ற கோபத்தை நான் புரிந்துகொள்கிறேன். ஆனால் 1983இல் பதினான்கு வயது மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் பெர்லின் ஜாஸ் விழாவில் வாசித்தபோது அரங்கம் கண்டது ஒரு சிறுவனின் வித்தையை மட்டும் அல்ல, கர்நாடகக் கச்சேரியை. எதையும் குழைக்காமல், நம் உருப்படியை நம் முறையில் வாசித்து ஜாஸ் ரசிகர்களை உட்கார வைக்க முடியும் என்பதற்கு அதைவிட என்ன வேண்டும்? வேடிக்கையாக ஆவது எப்போதென்றால், ஒருவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தனியாகப் போய், விமான நிலையத்திலிருந்து நேரே ஒத்திகைக்கு ஓடி, அறிமுகமில்லாத டிரம்மருக்குமுன் நாலு பிருகாவை உதிர்த்துவிட்டு வரும்போது.

பயணச் செலவைக் குறைக்க வேண்டும் என்றதும் முதலில் வெட்டப்படுவது உபபக்கவாத்தியத்தின் டிக்கெட். அழைப்பவர்கள் வெட்டுகிறார்கள், போகிறவர்களும் வாய் திறப்பதில்லை. பிப்ரவரி 2024இல் 'திஸ் மொமென்ட்' தட்டுக்காகச் 'சக்தி' குழு கிராமி விருது பெற்றபோது மேடையேறிய பெயர்களில் விநாயக்ராமின் மகன் செல்வகணேஷும் ஒருவர். அவருடைய வாத்தியமோ ஒற்றைக் கையில் பிடிக்கும் கஞ்சிரா, அதுவும் உபபக்கவாத்தியம்தான். ஆகவே இசைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை ஜாஸ் விழாவிலிருந்து அழைப்பு வரும்போது சம்மதம் சொல்வதற்கு முன்பு, மிருதங்கத்துக்கும் கடத்துக்கும் சேர்த்து டிக்கெட் கேளுங்கள். தர மறுத்தால் போகாதீர்கள்.