காடும் பாடலும்: ‘நார்வீஜியன் வுட்’ நாவலுக்கான வாசக எதிர்வினைகள்

ஹாருகி முரகாமியின் ‘நார்வீஜியன் வுட்’ 1987ஆம் ஆண்டு கோடன்ஷா பதிப்பகத்தால், சிவப்பு, பச்சை அட்டைகள் கொண்ட இரு தொகுதிகளாக வெளியிடப்பட்டது. சப்பானில் பல இலட்சம் படிகள் விற்ற இந்நாவல், அவருடைய முந்தைய மிகைபுனைவுகளை விரும்பியோரிடம் ஏமாற்றத்தையும் தோற்றுவித்தது. இது நடப்பியல் முறையில் அமைந்த வெறும் காதல் கதை என்பதே அவர்தம் குறை. ஹான்ஸ் இராபர்ட் யாவுஸ் கூறும் ‘எதிர்பார்ப்பின் எல்லை’ இங்கு ஆசிரியரின் பெயராலேயே வரையப்பட்டிருந்தது எனலாம்.

இளம் வாசகரின் எதிர்வினை பெரும்பாலும் நவோகோவா, மிதோரியா என்னும் வினாவைச் சுற்றியே அமைகிறது. முன்னவளின் பக்கம் நிற்போர் நாவலை இழப்பின் கதையாகவும், பின்னவளின் பக்கம் நிற்போர் வாழ்வை நோக்கித் திரும்பும் முதிர்ச்சியின் கதையாகவும் கொள்கின்றனர். மொழிபெயர்ப்புத் தலைப்புகளும் ஒருவகையில் வாசக எதிர்வினைகளே. செருமன் பதிப்பு ‘நவோகோவின் புன்னகை’ எனப் பொருள்படும் தலைப்பைச் சூடி ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. மூலத் தலைப்பான ‘நோருவே நோ மோரி’யில் ‘மோரி’ என்பது காடு. பீட்டில்ஸ் பாடலின் தலைப்பில் உள்ள சொல் மரப்பலகையைச் சுட்டுவதாகவே பலரும் கொள்வர். சப்பானிலோ அது காடாகப் பெயர்க்கப்பட்டு நிலைத்துவிட்டது. அப்பாடலைக் கேட்கையில் அடர்காட்டில் தனித்து அலைவதாக நவோகோ உணர்கிறாள். பிழையெனத் தள்ளத்தக்க ஒரு பெயர்ப்பே நாவலின் மையப் படிமத்திற்கு இடமளித்திருக்கிறது. ஆங்கிலத் தலைப்பின் வழியே நாவலுக்குள் வருவோருக்குப் பாடல் கேட்கிறது, காடு தென்படுவதில்லை.

நாவல் தற்கொலையை அழகுபடுத்துகிறது என்னும் குற்றச்சாட்டு எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. கிசுகி, நவோகோவின் அக்காள், நவோகோ, ஹட்சுமி எனப் பலர் தம்மை மாய்த்துக்கொள்கின்றனர். மலை விடுதியில் நிலவொளியில் நவோகோ தோன்றும் காட்சியில், அவளுடைய நோய் அழகின் ஒளிவட்டமாக மாற்றப்படுகிறது என்பதை மறுத்தல் அரிது. எனினும் இக்குற்றச்சாட்டை முன்வைப்போர் ஹட்சுமியை ஏறத்தாழ மறந்துவிடுகின்றனர். அவளுடைய சாவு காட்சியாக விரிவதில்லை. கதையின் நடுவே, காலத்தை முந்திக்கொண்டு, சில வரிகளில் கூறப்படுகிறது. நாகசாவா பான் நகரிலிருந்து கடிதத்தில் அதனைத் தெரிவிக்கிறான். வதனபே அக்கடிதத்தைக் கிழித்தெறிகிறான். அதன்பின் அவனுக்கு எழுதுவதேயில்லை. அவள் தன்னுள் எதனைத் தொட்டாள் என்பது, பல்லாண்டுகள் கழித்துச் சாந்தா ஃபே நகரின் ஓர் உணவகத்தில் அந்திச் சூரியனைக் காண்கையிலேயே அவனுக்குப் புலப்படுகிறது. இங்குச் சாவுக்கு அழகில்லை. உயிரோடிருப்பவனின் காலந்தாழ்ந்த அறிவு மட்டுமே உண்டு. நாவலின் வலுவான பகுதி இதுவே.

இக்காலந்தாழ்வைக் கணக்கிற்கொண்டால், ‘முதிர்ச்சி நாவல்’ என்னும் வகைப்பெயரே ஐயத்திற்குரியதாகிறது. கதைசொல்லிக்கு வயது 37. முதல் இயலில், நவோகோ தன்னைக் காதலிக்கவே இல்லை என்பதை உணர்ந்தவனாக அவன் பேசுகிறான். அவளது முகம் நினைவிலெழ எடுக்கும் நேரமும் நீண்டுகொண்டே போகிறது. தன்னை மறவாதிருக்குமாறு அவள் வேண்டியது ஏன் என்பதும் அப்போதுதான் அவனுக்கு விளங்குகிறது. வாசகர் பலரும் இருபது வயது வதனபேயுடன் ஒன்றிவிடுவதால், அவனைச் சொல்லிக்கொண்டிருப்பவனை விட்டுவிடுகின்றனர்.

நாவலின் இறுதியில், தான் நிற்கும் இடம் எதுவென அறியாமல், தொலைபேசிக் கூண்டிலிருந்து அவன் மிதோரியை அழைக்கிறான். அதன்பின் அவ்விருவரும் சேர்ந்து வாழ்ந்தனரா என்பது கூறப்படவில்லை. மிதோரியின் பக்கம் நிற்போர் இம்முடிவை நம்பிக்கையாகக் கொள்கின்றனர். ஆயின், அம்பர்க்கில் தரையிறங்கிய விமானத்தில் தலையைக் கைகளில் தாங்கியிருக்கும் அந்த 37 வயதினனிடம் நலம் விசாரிப்பவள் விமானப் பணிப்பெண் ஒருத்தி மட்டுமே.