குழந்தையின் சொல்லும் சட்டத்தின் மொழியும்
(கேரள எல்லைத் தமிழை முன்வைத்து ஒரு திறனாய்வு)

முன்னுரை

குழந்தையின்மீது இழைக்கப்படும் பாலியல் குற்றம் பெரும்பாலும் அறிந்தவர்களாலேயே, பிறர் காணாத இடத்தில் நிகழ்கிறது. நேரில் கண்ட சான்று அரிது. உடலில் தடயம் எஞ்சுவதும் உறுதியன்று. ஆதலின் குழந்தையின் சொல்லே முதன்மைச் சான்றாகிறது. அச்சொல் வெளிப்படுதல், கேட்கப்படுதல், எழுத்தில் பதிதல் ஆகிய மூன்று நிலைகளைக் கடந்தே நீதிமன்றத்தை அடைகிறது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம் (போக்சோ), 2012 இந்நிலைகளில் மொழிக்கு அளித்துள்ள இடம், கேரள எல்லைத் தமிழரின் வழக்கோடு பொருத்தி இங்கு மதிப்பிடப்படுகிறது.

சட்டம் கேட்பது யாது?

குற்றம் நிகழக்கூடும் என்று அஞ்சுபவரும், நிகழ்ந்ததை அறிந்தவரும் அதனைக் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 19ஆம் பிரிவு. தெரிவிப்பவர் குற்றத்தை மெய்ப்பிக்க வேண்டும் என்று அது கூறவில்லை. நல்லெண்ணத்துடன் தெரிவித்தவருக்குப் பாதுகாப்பும் அளிக்கிறது. தெரிவிக்கத் தவறுவோரும், பெற்ற தகவலைப் பதியத் தவறும் அலுவலரும் 21ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறைத்தண்டனைக்கு உரியவராவர்.

எனினும், தமிழ் வழக்கில் 'சந்தேகப்படுதல்' என்பது பிறர்மீது பழி சுமத்துதல் என்னும் சாயலைப் பெற்றுள்ளது. 'கற்பழிப்பு' என்ற பழஞ்சொல்லோ, இழப்பையும் இழிவையும் பாதிக்கப்பட்டவர் மேலேயே ஏற்றுகிறது. இச்சொற்கள் வழங்கும் சூழலில் அண்டை வீட்டார் வாய் திறக்கத் தயங்குவதும், குடும்பம் மானம் கருதி மறைப்பதும் வியப்பன்று. சட்டம் விதித்த கடமையை வழக்குச் சொற்களே தடுத்துவிடுகின்றன.

எல்லைப்புற வழக்கு

பாலக்காடு மாவட்டத்தில் கோபாலபுரம் உள்ளிட்ட எல்லை ஊர்களிலும், இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீர்மேடு தோட்டப் பகுதிகளிலும் தமிழை வீட்டுமொழியாகக் கொண்டோர் வாழ்கின்றனர். அங்குக் காவல் நிலைய ஆவணங்களின் மொழி பெரிதும் மலையாளமே. குழந்தை கூறியவாறே வாக்குமூலம் பதியப்பட வேண்டும் என்று 26ஆம் பிரிவும், மொழி புரியாதவிடத்து மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று 19ஆம் பிரிவும் கூறுகின்றன. ஆனால் இரு மொழிகளும் நெருங்கியவை என்பதால், மொழிபெயர்ப்பாளர் தேவையே இல்லை என்று இருதரப்பாரும் கருத இடமுண்டு. இடர் இங்கேதான் தொடங்குகிறது.

மலையாள இதழ்களில் 'பீடனம்' என்பது பாலியல் கொடுமையைக் குறிக்கப் பரவலாக வழங்குகிறது. தமிழில் அதனோடு உறவுடைய 'பீடித்தல்' நோய், துன்பம் முதலியவற்றைச் சுட்டுவது. மலையாளத்தில் 'உபத்ரவிக்குக' என்பது பாலியல் துன்புறுத்தலையும் குறிக்கலாம். தமிழ் 'உபத்திரவம்' பொதுவான தொல்லையே. 'அந்த மாமா தொந்தரவு பண்ணினாரு' என்று ஒரு சிறுமி கூறுவதாகக் கொள்வோம். அதனை எழுதுபவர் விளக்கம் கேளாமல் 'தொந்தரவு' என்றே பதிந்தால் குற்றம் சிறிதாகிவிடுகிறது. சட்டச் சொல்லாக மாற்றி எழுதினால், குழந்தை அறியாத சொல் அதன் வாயில் எவ்வாறு வந்தது என எதிர்த்தரப்பு வினவும். இரு வகையிலும் சான்று மெலிகிறது. கூறிய சொல்லைப் பதிந்து, அச்சொல்லால் குழந்தை கருதிய பொருளையும் அதன் மொழியிலேயே கேட்டுப் பதிவதே தக்க வழி.

வாளையாறு காட்டும் உண்மை

சொல் கேட்கப்படாமலே போவது இதனினும் கொடிது. வாளையாறு அருகே அட்டப்பள்ளத்தில் 2017 ஜனவரி 13 அன்று 13 வயதுச் சிறுமி தூக்கில் இறந்த நிலையில் காணப்பட்டாள். பாலியல் வன்முறைக்கான குறிப்பு உடற்கூறாய்வில் இருந்தும் உரிய விசாரணை நிகழவில்லை. 50 நாள் கழித்து, மார்ச் 4 அன்று, அவளுடைய 9 வயதுத் தங்கையும் அவ்வாறே காணப்பட்டாள். அக்காளுக்கு நேர்ந்ததைப் பற்றி ஏதேனும் கூறியிருக்கக்கூடிய குழந்தை அவள்.

2019இல் பாலக்காடு விசாரணை நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டோரை விடுவித்தது. 2021 ஜனவரி 6 அன்று கேரள உயர்நீதிமன்றம், தொடக்கநிலைப் புலனாய்வையும் வழக்கு நடத்தப்பட்ட முறையையும் கண்டித்து, மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. பின்னர் வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறையிடம் சென்றது. 2025 ஜனவரியில் அத்துறை பெற்றோரையும் குற்றம் சாட்டப்பட்டோராகச் சேர்த்தது. அவர்கள் அதனை மறுத்துள்ளனர். குற்றச்சாட்டின் மெய்ம்மை நீதிமன்றத்திற்குரியது. எனினும், குழந்தையின் சார்பில் முறையிட வேண்டிய குடும்பமே ஐயத்திற்கு உள்ளாகும்போது, குழந்தைக்காகப் பேசுவோர் யார் என்னும் வினா எஞ்சுகிறது.

மெய்ப்பித்தலின் எல்லை

29ஆம் பிரிவு, குறிப்பிட்ட சில குற்றங்களில் குற்றம் சாட்டப்பட்டவரே அதனைச் செய்தார் என்று அனுமானிக்க இடந்தருகிறது. ஆயினும் அடிப்படைச் செய்திகளை அரசுத்தரப்பு முதலில் நிறுவியாக வேண்டும் என்பது நீதிமன்றங்களின் நிலைப்பாடு. அவ்வடிப்படை பெரும்பாலும் முதல் வாக்குமூலத்தில் உள்ளது. அது பிழைபட்டால் பிரிவின் வலிமையும் பயன்படாது. குற்றம் சாட்டப்பட்டவரும் நேர்மையான விசாரணைக்கு உரியவர் ஆதலின், துல்லியமான பதிவு இருதரப்புக்கும் தேவையானது.

முடிவுரை

சட்டத்தின் மொழிசார் விதிகள் குறைவுடையன அல்ல; அவற்றைக் கையாளும் கருவிகளே இல்லை. மொழிபெயர்ப்பாளர் பட்டியலை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு வைத்திருக்க வேண்டும் என்று 2020ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. அப்பட்டியலில் இடம்பெறுவோர் எல்லைத் தமிழ் அறிந்தவராதல் வேண்டும். உடலுறுப்பு, தொடுகை, அச்சம் ஆகியவற்றைக் குறிக்க அப்பகுதிக் குழந்தைகள் வழங்கும் சொற்களின் தொகுப்பு ஒன்றும் வேண்டும். கிளைமொழி ஆய்வாளர் உழவுச் சொற்களையும் உறவுமுறைச் சொற்களையும் தொகுத்துள்ளனர். குழந்தை தன் துன்பத்தைக் கூறும் சொற்களும் அவ்வாறே தொகுக்கப்படுமாயின், அத்தொகுப்பு வழக்கு மன்றத்திலும் பயன் தரும்.