மலையேறும் 350

தாப்பாவிலிருந்து ரிங்லெட் வழியாகக் கேமரன் மலைக்கு ஏறும் பழைய சாலையில் வளைவுகளுக்குப் பஞ்சமே இல்லை. தேயிலைத் தோட்டப் பக்கங்களில் அன்றாடம் ஓடுவது கப்சாய் எனப்படும் சிறிய மோட்டார் சைக்கிள்கள்தான். அவற்றுக்கு நடுவே ஒரு ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 'டுப் டுப்' என்று ஏறினால் தலைகள் திரும்பும்.

சென்னையை ஒட்டிய ஆலைகளில் உருவாகும் வண்டி அது. 349 சிசி, சுமார் 20 குதிரைத்திறன், வேகப்பிரியர்களுக்கு ஏமாற்றம்தான். ஆனால் 27 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை 4000 சுழற்சியிலேயே கிடைத்துவிடுகிறது. கியரைக் குறைத்து உறுமவிடாமல் வளைவிலிருந்து நிதானமாக வெளியேறலாம்.

மொடெனாஸ் பெயரில் மலேசியாவுக்கு வந்த பஜாஜ் பல்சர் என்எஸ்200-இன் குணம் வேறு. ஏறக்குறைய 24 குதிரைத்திறன் உண்டு. அதைப் பெற எஞ்சினை விரட்ட வேண்டும்.

வேடிக்கை சட்டத்தில் இருக்கிறது. மலேசியாவின் பி2 உரிமம் 250 சிசி வரைதான். ஆகவே வேகமான பல்சருக்கு அது போதும், சாதுவான கிளாசிக்குக்குப் போதாது. இந்தியாவிலோ கியர் வண்டிக்கு ஒரே உரிமம். கோடு விழுவது வரியில். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரை 18 சதவீத ஜிஎஸ்டி, அதைத் தாண்டினால் 40. ஒரே ஒரு சிசியில் தப்பிய கிளாசிக், அங்கே சலுகைக்காரர்களின் வரிசையில் நிற்கிறது.